வெண்டல் க்ருப்காவின் மௌன விரதம்

நின்றுகொண்டிருக்கும்போது வெண்டல் க்ருப்கா சாதாரண ஆள்தான். கேட்டதற்குப் பதில் சொல்வான், இல்லையென்றால் தலையாட்டுவான். முகக்கூண்டை மாட்டிக்கொண்டு, பேஸ்பால் மைதானத்தில் பேட்டர் நின்று அடிக்கும் ஹோம் பேஸுக்குப் பின்னால், அவன் இடுப்புக்குக் கீழே குந்தி உட்கார்ந்தானோ இல்லையோ, அவன் வாய் தானாகத் திறந்துகொள்ளும். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ் முடிந்து எழுந்திருக்கும்வரை மூடாது.

அயோவாவில் ஹாலோவே மியூல்ஸ் அணிக்கு அவன் ஒன்பது வருடமாக கேட்சர், அதாவது பேட்டர் தவறவிடும் பந்தைப் பின்னாலிருந்து பிடிப்பவன். பெயருக்கேற்றபடி அந்த அணியின் சட்டையில் ஒரு கோவேறு கழுதை பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். அதற்கு முன் நாலு வருடம் வேறு நாலு ஊர். நடுவில் ஒரே ஒரு முறை பெரிய லீகிலிருந்து அழைப்பு வந்து, ஒன்பது நாள் அங்கே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, மட்டையைத் தொடாமலேயே பஸ் ஏறித் திரும்பி வந்தவன். வயது முப்பத்தைந்து. பத்து விரலில் ஆறு ஒரு முறையாவது ஒடிந்தவை. முழங்கால் இரண்டும் படியேறும்போது சத்தம் போடும். அடிப்பதில் அவன் பெரிய சூரன் இல்லை. ஆனாலும் அணி அவனை விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் அவன் வாய்தான். அவன் பேசப் பேச எதிராளி பந்தைத் தவறவிடுவான்.

வெறும் வாய்ச்சவடால் இல்லை அது. ஊரில் இருந்தது ஒரே ஒரு மோட்டல். வெளியூர் அணிகள் எல்லாம் அங்கேதான் தங்கியாக வேண்டும். அதன் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தவள் வெண்டலின் மனைவி லோர்னா.

"என்னப்பா, பதினாலாம் நம்பர் ரூம்ல நாலு சோப்பு கேட்டியாமே? அவ்ளோ அழுக்கா?" என்று கீழேயிருந்து ஒரு குரல் கேட்டால் எந்த பேட்டருக்குத்தான் கை நிதானமாக இருக்கும்? திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து வெண்டலின் கையுறைக்குள் 'டப்' என்று விழுந்திருக்கும்.

டன்மோர் அணியின் கார்ல்டன் பீவி அந்த 1974 சீசனில் லீகிலேயே அதிகம் அடித்தவன். ஆறடி மூணங்குலம். தோள் இரண்டும் கதவு அகலம். ஜூன் மாதம் அவன் ஹாலோவேயில் ஆட வந்தபோது வெண்டல் கேட்ட ஒரு கேள்வி லீக் முழுக்கப் பரவிவிட்டது.

"கார்ல்டன், நேத்து போன்ல உங்க வீட்டு நாய்க்கு குட்நைட் சொன்னியாமே? பேரு என்ன, பிஸ்கட்டா? பதிலுக்கு அது என்ன சொல்லுச்சு?"

பீவி அன்றைக்கு ஒரு பந்தைக்கூடத் தொடவில்லை. அதன்பிறகு எந்த ஊருக்குப் போனாலும் பார்வையாளர்கள் அவனைப் பார்த்துக் குரைத்தார்கள்.

வெண்டலின் பேச்சை நிறுத்தப் பாடுபட்ட ஒரே மனிதர் அம்பயர் ஓட்டிஸ் ஹார்கின். கேட்சருக்குப் பின்னால் குனிந்து நிற்பது அம்பயர் வேலை. ஆக, வெண்டல் பேசியதில் பாதி அவர் காதில்தான் விழுந்தது. "வாயை மூடுய்யா" என்று அவர் ஓர் ஆட்டத்துக்கு இருபது தடவையாவது சொல்லுவார். கணக்கில்லாமல் அவனை மைதானத்தைவிட்டே வெளியேற்றியும் இருக்கிறார். இருபத்திரண்டு வருட சர்வீஸில் அவர் மேல் ஒரு புகார் கிடையாது. கண்ணால் கண்டதைச் சொல்வார். சொன்னதை மாற்ற மாட்டார்.

ஆகஸ்ட் மாதம் வெண்டலின் குரல் கட்டியது. முதலில் கரகரத்தது, பிறகு பாதிப் பேச்சில் காற்றுதான் வந்தது. லோர்னா அவனை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். டாக்டர் தொண்டைக்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார்.

"குரல் நாண்ல காய்ப்பு விழுந்திருக்கு. மூணு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. முணுமுணுக்கவும் கூடாது, கத்தவே கூடாது. மீறினா கத்தி வைக்கணும். கத்தி வெச்சா குரல் திரும்புமான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"ஒரு வார்த்தைகூடவா..." என்று வெண்டல் ஆரம்பித்தான்.

லோர்னா அவன் வாயைப் பொத்தினாள். "இதுவே கடைசி. இனிமே நீ பேசினே, உன் தொண்டையை டாக்டர் அறுக்க வேணாம், நானே அறுத்துடறேன்."

வாசலிலேயே ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் வாங்கி அவன் சட்டைப் பையில் செருகினாள்.

அணியின் கோச் ஸ்டான் டொம்ப்ரோவ்ஸ்கி டாக்டர் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "பிட்சருக்கு நீ விரல்லதானே சைகை காட்டுற? அதுக்கு வாய் வேணாம். பந்து உசர எழும்பினா யார் பிடிக்கணும்னு கூப்பிடுறதுதான் பிரச்சனை. அதை மூணாவது பேஸ்ல நிக்கற டேல் பார்த்துக்கட்டும். ஆனா ஒண்ணு, இந்த விஷயம் நம்ம டீமைத் தாண்டி வெளிய போகக் கூடாது. நீ ஊமைன்னு தெரிஞ்சா எவனும் பயப்பட மாட்டான்." கடிதத்தை மடித்துத் தன் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

முதல் மூன்று நாளும் மழை. ஆட்டமே இல்லை. நாலாம் நாள் சனிக்கிழமை, பளிச்சென்று வெயில் அடித்த மதியம், டன்மோர் அணி வந்து இறங்கியது. அம்பயர் ஹார்கின்.

பீவி இந்த முறை தயாராக வந்திருந்தான். இரண்டு காதிலும் பஞ்சு. மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, குனிந்து வெண்டலைப் பார்த்து, காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தான். வெண்டலும் சிரித்தான். முதல் பந்து வந்தது. பீவி விட்டுவிட்டான். கீழே பார்த்தான். கேட்சரின் உதடு அசையவில்லை.

இரண்டாவது பந்துக்கு முன் ஒரு காதுப் பஞ்சை எடுத்தான். சத்தமில்லை. மற்றதையும் எடுத்தான்.

"என்ன, இன்னைக்கு ஒண்ணும் இல்லையா?"

வெண்டல் முகக்கூண்டை மேலே தூக்கி, அவனை நிமிர்ந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு சாவு வீட்டுக்கு வந்தவனைப்போலத் தலையை மெல்ல ஆட்டி, பீவியின் கெண்டைக்காலை ஆறுதலாக இரண்டு தட்டுத் தட்டினான்.

பீவியின் முகம் மாறியது. "என்ன ஆச்சு? டேய், என்ன தெரியும் உனக்கு? மோட்டலுக்கு ஏதாவது போன் வந்துச்சா?"

வெண்டல் வானத்தைப் பார்த்தான்.

"பிஸ்கட்டுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

அப்போது வந்த பந்தை பீவி பார்க்கவே இல்லை. அடுத்ததற்கு மட்டையைச் சுற்றினான், காற்றுதான் அடிபட்டது. மூன்று பந்தும் தவறி அவுட்டாகி வெளியேறியவன் பெஞ்சுக்குப் போகாமல் நேராக மைதான அலுவலகத்துக்கு ஓடி வீட்டுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. சனிக்கிழமை மதியம் கடைக்குப் போயிருப்பார்கள் என்று எந்த மனிதனும் நினைப்பான். பீவி அப்படி நினைக்கும் நிலையில் இல்லை.

மற்ற பேட்டர்களுக்கும் அதே கதிதான். வெண்டல் ஒருவனைப் பார்த்துக் கண்ணடித்தான். இன்னொருவனின் காலணியை உற்றுப் பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டான். மூன்றாமவன் வந்தபோது நோட்டை எடுத்து ஏதோ எழுதிவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான். "என்ன எழுதினே? காட்டு!" என்று அவன் கத்த, ஹார்கின் அவனை எச்சரிக்க வேண்டியதாயிற்று. பேசியபோது ஒரு விஷயத்துக்குத்தான் பயந்தார்கள். பேசாதபோது அவரவர் வீட்டில் ஒளித்து வைத்ததையெல்லாம் நினைத்து நினைத்துப் பயந்தார்கள். இது வெண்டலுக்கே புதிய பாடம். பதிமூன்று வருடத் தொண்டையை வீணாகச் செலவழித்துவிட்டோமோ என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

நாலாவது இன்னிங்ஸில் ஹார்கினுக்கே தாங்கவில்லை. ஹோம் பேஸைத் துடைக்கிற சாக்கில் முன்னால் வந்து குனிந்தார்.

"என்னய்யா, என் மேல கோபமா? ஜூன்ல உன்னை வெளிய அனுப்பினதுக்கா?"

வெண்டல் உதட்டைப் பிதுக்கினான்.

"நான் என்ன சொன்னேன்? கொஞ்சம் கம்மியாப் பேசுன்னுதான் சொன்னேன். ஒரேயடியா நிறுத்துன்னா சொன்னேன்?"

ஆறாவது இன்னிங்ஸில் மறுபடி துடைக்க வந்தார். பேஸ் ஏற்கனவே கண்ணாடி மாதிரி இருந்தது. "பாரு, இங்க நிக்கறதுல ரெண்டு மணி நேரம் எனக்குப் பேச்சுத்துணை வேற கிடையாது. என் பொண்டாட்டி அவங்க அக்கா வீட்டுக்குப் போய் மூணு மாசம் ஆச்சு. உன் குரலைத் திட்டறதுதான் எனக்கு... சரி விடு." எழுந்து பின்னால் போனார். அதன்பிறகு அவரே மெதுவாகப் பேச ஆரம்பித்துவிட்டார். வெயில், தன் இடுப்பு வலி, டன்மோரில் கிடைத்த மோசமான பன்றி இறைச்சி. வெண்டல் குந்திய நிலையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். தன் பேச்சைக் கேட்பது இப்படித்தான் இருந்திருக்குமோ என்று அவனுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஒன்பதாவது இன்னிங்ஸ். மியூல்ஸ் ஒரே ஒரு ரன் முன்னிலை. டன்மோரில் இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவன் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. மூன்று பேஸிலும் ஆள். பீவி மட்டையுடன் வந்தான். கண் சிவந்திருந்தது.

"நான் அஞ்சு தடவை போன் பண்ணிட்டேன்" என்றான் வெண்டலிடம். "யாரும் எடுக்கல. உனக்கும் ஒரு மனசு இருக்குமில்ல? உயிரோட இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

வெண்டலுக்கு உண்மையிலேயே பாவமாகிவிட்டது. நாய் நன்றாக இருக்கிறது என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். கையில் கையுறை இருந்ததால் பீவிக்கு அது கழுத்தை அறுக்கிற சைகை மாதிரித் தெரிந்தது.

ஆத்திரத்தில் சுற்றினான். பந்து மட்டையின் விளிம்பில் பட்டு நேரே வானத்துக்குப் போனது. பந்து வீசும் பிட்சருக்கும் மூன்றாவது பேஸுக்கும் ஹோமுக்கும் நடுவில், வெயிலுக்குள் ஏறி மறைந்து, பொட்டாகி, திரும்ப இறங்கத் தொடங்கியது. பேஸில் நின்ற மூன்று பேரும் ஓடத் தொடங்கினார்கள். பந்து கீழே விழுந்தால் ஆட்டம் போச்சு.

பிட்சர் ஓடி வந்தான். டேல் ஓடி வந்தான். வெண்டலும் கூண்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான். கூப்பிட வேண்டியது டேல் என்று பேசி வைத்ததெல்லாம் அந்த நொடியில் யாருக்கும் நினைவில்லை. ஒன்பது வருடப் பழக்கம். எல்லாரும் கேட்சரின் குரலுக்காகக் காத்தார்கள். டேலுக்குத்தான் பந்து சுலபம், வெயில் அவன் முதுகுப் பக்கம் என்பது வெண்டலுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தான். மூன்றாவது வரிசையில் லோர்னா எழுந்து நிற்பது தெரிந்தது. மூடிக்கொண்டான். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"டேல்! டேல்! உன்னுதுடா, பிடி!"

பின்னாலிருந்து வந்த கரகரத்த குரல். டேல் ஓரடி முன்னால் வைத்துக் கையை நீட்டினான். பந்து விழுந்தது. பிடித்தான். ஆட்டம் முடிந்தது.

வெண்டல் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு மூன்றடி பின்னால் ஓட்டிஸ் ஹார்கின் நின்றிருந்தார். வலது கை இன்னும் டேலை நோக்கி நீண்டிருந்தது. தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

டன்மோர் கோச் ராய்ஸ் டில்லரி பெஞ்சிலிருந்து பாய்ந்து வந்தார். "யார் கத்தினது? அம்பயர் பக்கத்துலேர்ந்து சத்தம் வந்துச்சு! அம்பயரே ஆளைக் கூப்பிட்டுக் கேட்ச் பிடிக்க வெச்சா அது ஆட்டமா? நான் லீகுக்கு எழுதுவேன்!"

ஹார்கின் நீட்டிய கையை இறக்கினார். பிறகு, இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக, கண்டதற்கு மாறாகச் சொன்னார். "கேட்சர் கூப்பிட்டான். கேட்சர் வேலையே அதுதானே?"

எல்லார் தலையும் வெண்டல் பக்கம் திரும்பியது. டொம்ப்ரோவ்ஸ்கியின் பின்பாக்கெட்டில் டாக்டர் கடிதம் இருந்தது. அதை எடுத்துக் காட்டினால் ஹார்கினின் வேலை அன்றோடு காலி. ஜெயித்த ஆட்டமும் போய்விடும். ஆனால் வெண்டல் அந்த நேரத்தில் நினைத்தது அதையெல்லாம் அல்ல. தன்னை வாயை மூடச் சொல்லியே ஒன்பது வருடம் ஓட்டிய மனிதர் இப்போது தன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அதுதான் அவன் நினைத்தது. கொஞ்ச நேரம் அவரை அப்படியே நிற்க வைத்தான். பிறகு மார்பில் கை வைத்து, பணிவாகத் தலையாட்டினான். ஆமாம், நான்தான்.

"பொய்!" பீவி கிட்டத்தட்ட அழுதுவிட்டான். "நான் கெஞ்சிக் கேட்டும் ஒரு வார்த்தை பேசல. டேல்கிட்ட மட்டும் பேசுவானா?"

டில்லரி காலால் மண்ணை உதைத்துவிட்டுப் போனார்.

வேலிக்கு அந்தப் பக்கம் லோர்னா வந்து நின்றாள். "நாலே நாள்! நாலு நாள் தாங்கலையா உன்னால? ஒரு பந்துக்காகக் குரலையே விட்டியா?"

வெண்டல் இல்லை இல்லை என்று இரண்டு கையையும் ஆட்டினான். நோட்டை எடுத்து அவசரமாக எழுதினான். அவள் அதைப் பிடுங்கி, படிக்காமலே, பக்கத்தில் ஒருவர் பிடித்திருந்த பீர் கோப்பைக்குள் போட்டாள்.

"எழுதறதை நிறுத்து. இனிமே நானும் உன்கிட்ட பேசப் போறதில்ல."

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் முள்கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஞாயிறு காலை ஹார்கின் அறைச் சாவியைக் கொடுக்க மோட்டல் மேஜைக்கு வந்தார். லோர்னா நிமிராமலே கையை நீட்டினாள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் எதுக்கு ஒண்ணும் சொல்லாம என் பழியை ஏத்துக்கிட்டார்?" என்று அவர் கேட்டார். "ராத்திரியெல்லாம் அதுதான் ஓடிச்சு மனசுல."

லோர்னா தலையை நிமிர்த்தினாள். "உங்க பழியா?"

அவர் மெதுவாக, தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே, எல்லாவற்றையும் சொன்னார். அவள் பதிலுக்கு டாக்டர் சொன்னதைச் சொன்னாள். ஹார்கின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஊமையாவா? நான் ஒரு ஊமை மேல பழியைப் போட்டேனா?"

லோர்னாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சாவிப் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும், மோட்டல் பெயர் அச்சிட்ட ஒரு காகிதத்தை அவர் முன் தள்ளினாள். "இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அவன்கிட்ட காட்டி நான் மன்னிப்புக் கேட்கணும். நீங்க தப்பை ஒத்துக்கிட்டீங்கன்னு நான் சொன்னா நம்ப மாட்டான். உங்க கையெழுத்தைப் பார்த்தா அவனால சந்தோஷம் தாங்க முடியாது." ஹார்கின் ஒரு வரி விடாமல் எழுதினார்.

மூன்று வாரம் முடிந்து டாக்டர் மறுபடி கண்ணாடியை விட்டுப் பார்த்து, பேசலாம் என்றார். குரல் திரும்பியது, ஆனால் முக்கால் பங்கு காற்று. பேட்டர்கள் அதைக் கேட்கக் குனிய வேண்டியிருந்தது. குனிந்தவன் எப்படி அடிப்பான்?

செப்டம்பரில் சீசனின் கடைசி ஆட்டம். பின்னால் ஹார்கின். ஏழாவது இன்னிங்ஸில் மியூல்ஸ் பிட்சர் வீசிய ஒரு பந்து ஹோம் பேஸின் மூலையை உரசிக்கொண்டு வந்தது; உள்ளே என்று அம்பயர் சொன்னால் மியூல்ஸுக்கு லாபம். "கோட்டுக்கு வெளியே!" என்றார் ஹார்கின்.

வெண்டல் எழுந்து திரும்பினான். ஒன்றும் பேசவில்லை. மார்புக் கவசத்துக்குள் கையை விட்டு, மோட்டல் பெயர் அச்சிட்ட ஒரு காகிதத்தின் முனையை மட்டும் வெளியே இழுத்துக் காட்டிவிட்டு, உள்ளே தள்ளினான்.

ஹார்கின் குரலைத் தாழ்த்தினார். "டேய், இதுக்குப் பேர் மிரட்டல்."

"நான் ஏதாவது சொன்னேனா அண்ணே?" என்றான் வெண்டல் காற்றுக் குரலில். "சட்டையைச் சரி பண்ணினேன்."

அடுத்த பந்தும் அதே இடத்துக்கு வந்தது. ஹார்கினின் நெற்றியில் வியர்வை. "கோட்டுக்கு வெளியே!" மைதானத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி கத்தினார். "அந்தக் காகிதத்தை யாருக்கு வேணா அனுப்பு! வெளியேன்னா வெளியேதான்! நீயும் வெளிய போ!"

கூட்டம் கூச்சல் போட்டது. வெண்டல் கூண்டைக் கழற்றி, அந்தக் காகிதத்தை மடித்து அவர் கையில் வைத்துவிட்டு, முழங்கால் சத்தம் போட நடந்து போனான். ஹார்கின் பிரித்துப் பார்த்தார். சலவைக்குப் போட்ட துணிப் பட்டியல். தலையணை உறை இருபத்திரண்டு, துண்டு நாற்பது, படுக்கை விரிப்பு பத்தொன்பது. அடியில் பென்சிலில் எழுதியிருந்தது: 'உங்க கடுதாசியை நான் படிச்சதும் லோர்னா அடுப்புல போட்டுட்டா. இடுப்பு வலி எப்படி இருக்கு?'

அம்பயர் ஹோம் பேஸின் மேல் நின்று வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் ஹாலோவே ஊர் பார்த்தது. இரண்டு நிமிடம் ஆட்டம் நின்றது.

வெண்டல் அதற்குப் பிறகு இரண்டு சீசன் ஆடினான். மூன்றாவது வருடம் முழங்கால் மடங்க மறுத்தது. டொம்ப்ரோவ்ஸ்கி ஓய்வு பெற்றதும் அணியின் கோச் ஆனான். ஓய்வுக்குப் பிறகு ஹார்கினும், அக்கா வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்ட அவர் மனைவியும் வருடத்துக்கு ஒரு வாரம் அந்த மோட்டலில் வந்து தங்குவார்கள். சாப்பாட்டு மேஜையில் எந்தப் பேச்சு எடுத்தாலும் கடைசியில் அந்த செப்டம்பர் ஆட்டத்தில்தான் போய் நிற்கும். அந்தப் பந்து கோட்டுக்கு இரண்டு விரல் உள்ளே வந்தது என்று வெண்டல் சொல்வான். ஹார்கின் ஒப்புக்கொண்டதே இல்லை.